திருகோணமலையில ஸ்கூபா கோர்ஸ் முடிச்சுட்டு அன்னைக்கே நுவரெலியாவுக்கு ஏறலாமா?

நானுஓயா_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்து ஸ்கூல்ல படிப்பிக்கிறேன். ஆகஸ்ட் லீவுக்கு டோஹாவுல வேலை செய்யுற தம்பி வர்றான், அவனும் நானும் திருகோணமலை போயி ஸ்கூபா டைவிங் கோர்ஸ் ஒண்ணு செய்யலாம்னு ரொம்ப நாளா பேசிக்கிட்டு இருக்கோம். சும்மா ஒரு தடவை தண்ணிக்குள்ள எறக்கி போட்டோ புடிச்சு குடுக்குறது வேணாம், கையில ஒரு சர்ட்டிபிக்கட் இருக்கணும், பின்னால மாலைதீவு அந்தமான்னு எங்க போனாலும் அதக் காட்டி எறங்கணும், அதான் ஆசை. பொறந்து வளந்தது எல்லாம் தேயிலைக்குள்ளதான், கடல மொதல்ல பாத்ததே ஏ.எல். எழுதின பொறகு, ஆனா பாத்த நாள்லேருந்து அதுக்குக் கீழ என்னா இருக்குன்னு பாக்கணும்னு மனசுல கெடக்கு.

கோர்ஸ்ல பல பேரு இருக்கு, ஒண்ணும் வெளங்கல. ரெண்டு நாள்னும் சொல்றாங்க நாலு நாள்னும் சொல்றாங்க. எங்களுக்கு ஒரு கெழமைக்குள்ள எல்லாம் முடியணும், ஏன்னா தம்பிக்கு திரும்ப பிளைட் இருக்கு. எனக்கு நீச்சல் அரைகுறை, தம்பி அங்க பூல்ல பழகியிருக்கான். எனக்கு சின்ன வயசுல இளைப்பு (ஆஸ்துமா) இருந்துச்சு, இப்ப இல்ல, அத சொல்லணுமா? இங்கிலீஷ்ல படிக்க பிரச்சினை இல்ல, ஆனா பயமான நேரத்துல தமிழ்ல ஒரு வார்த்தை சொல்ல ஆளு இருந்தா நல்லா இருக்கும்.

கடைசியா ஒண்ணு. கோர்ஸ் முடியுற அன்னைக்கு மத்தியானமே வேன் புடிச்சு ராத்திரிக்குள்ள வீடு வந்து சேரலாம்னு நெனச்சிருந்தோம், அம்மா தனியா இருக்காங்க. தம்பியோட கூட்டாளி ஒருத்தரு டைவ் பண்ணிட்டு மலைக்கு ஏறக் கூடாதுன்னு சொன்னாராம். பிளேன்ல போகக் கூடாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், வேனுக்கும் அப்படி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நிலாவெளிக்கரை:

வணக்கம் டீச்சர். நான் திருகோணமலைக்குப் பக்கத்தில நிலாவெளியில டைவ் மாஸ்டரா, அதாவது டைவ் செய்யிற ஆக்களைத் தண்ணிக்குள்ள கூட்டிக்கொண்டு போற ஆளா வேலை செய்யிறன், சீசனுக்கு சீசன் உங்கட பக்கத்தில இருந்தும் ஆக்கள் வாறாங்க, அதால கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில். அன்றைக்கே ஏற வேணாம். அந்தக் கூட்டாளி சொன்னது முழுக்கச் சரி.

ஏனெண்டு சொல்லுறன். சிலிண்டருக்குள்ள இருக்கிறது சாதாரண காத்துத்தான், அதில அஞ்சில நாலு பங்கு நைட்ரஜன். கடல் மட்டத்தில உங்கட உடம்புக்கு மேல இருக்கிற அமுக்கம் 1 பார் (பார் எண்டது அமுக்கத்தை அளக்கிற அலகு), 10 மீட்டர் கீழ போனா 2 பார், 18 மீட்டர்ல 2.8 பார். அமுக்கம் கூடக்கூட நைட்ரஜன் ரத்தத்திலயும் கொழுப்பிலயும் கரைஞ்சு சேருது. மேல வந்த உடனே அது எல்லாம் போயிடாது, மணித்தியாலக் கணக்கில மெதுவா மூச்சு வழியாப் போகும். அது போய் முடிய முந்தி அமுக்கம் இன்னும் குறைஞ்ச இடத்துக்கு நீங்க போனா, கரைஞ்சு கிடந்தது குமிழியா வெளியில வரப் பாக்கும். மூட்டு, நரம்பு, தோல், எங்க வேணுமெண்டாலும் வரலாம்.

இப்ப உங்கட ஊருக்கு வாறன். நுவரெலியா 1868 மீட்டர். அங்க காத்தமுக்கம் கடல் மட்டத்தில இருக்கிறதில 80 வீதம் அளவுதான். கொழும்பில வாங்கின பைட்ஸ் பக்கட் உங்கட ஊருக்கு வரக்குள்ள ஊதிப்போய் நிக்கிறதைக் கண்டிருப்பீங்க, உள்ள இருந்த காத்து கூடினதில்ல, வெளிய அமுக்கம் குறைஞ்சிட்டுது. பறக்கிற பிளேனுக்குள்ள கேபின் அமுக்கத்தை 2400 மீட்டர் உயரத்தில இருக்கிற அமுக்கத்துக்குக் கீழ போக விடமாட்டாங்க, கனக்க நேரம் அதை விடக் குறைஞ்ச உயரத்தில இருக்கிற அமுக்கமாத்தான் இருக்கும். அப்ப நுவரெலியா டவுன்ல நிக்கிறதும் பிளேனுக்குள்ள இருக்கிறதும் உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒரே விசயம். பிளேன் ஏறக்கூடாத நேரத்தில நுவரெலியாவுக்குப் போற றம்பொடை மலைப்பாதையும் ஏறக்கூடாது, அவ்வளவுதான்.

டைவர்களுக்கு டான் எண்டு ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கு. அவங்க நடத்தின 2002 ஆம் ஆண்டு கூட்டத்தில வந்த வழிகாட்டல்தான் இப்பவும் எல்லாரும் பாவிக்கிறது. ஒரேயொரு டைவ் செஞ்சா ஆகக் குறைஞ்சது 12 மணித்தியாலம், ஒரு நாளில கன டைவ் அல்லது அடுத்தடுத்த நாளில டைவ் எண்டா ஆகக் குறைஞ்சது 18 மணித்தியாலம் பொறுக்க வேணும். அது 600 மீட்டர்ல இருந்து 2400 மீட்டர் வரை உள்ள கேபின் உயரத்துக்குச் சொன்னது, நுவரெலியா அதுக்கு நடுவில வருது. கோர்ஸ் எண்டா கட்டாயம் அடுத்தடுத்த நாள்தான், அதால 18ஐ எடுங்க, நான் வாற ஆக்களுக்கு 24 எண்டுதான் சொல்லுறது.

கோர்ஸைப் பற்றி. ஒரு நாளில கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது டிஸ்கவர் ஸ்கூபா, அது ஆசைக்கு ஒருக்கா பாக்கிறது, 12 மீட்டர் வரைக்கும், சர்ட்டிபிக்கட் இல்ல. ரெண்டு நாள் எண்டு நீங்க கேள்விப்பட்டது பாடி (PADI) எண்ட டைவிங் பயிற்சி அமைப்பின்ட ஸ்கூபா டைவர் கோர்ஸ். சர்ட்டிபிக்கட் உண்டு, ஆனா 12 மீட்டரைத் தாண்ட ஏலாது, எப்பவும் ஒரு டைவ் மாஸ்டரோ இன்ஸ்ட்ரக்டரோ பக்கத்தில நிக்க வேணும். முழுக் கோர்ஸ் ஓபன் வோட்டர், மூண்டு நாலு நாள், ஆழமில்லாத தண்ணியில அஞ்சு தரம் பயிற்சி, கடல்ல நாலு டைவ், 18 மீட்டர் வரை, முடிச்சா உங்களைப் போல சர்ட்டிபிக்கட் உள்ள இன்னொராளோட சேர்ந்து நீங்களா இறங்கலாம். காலாவதி இல்ல. எஸ்எஸ்ஐ எண்டு இன்னொரு அமைப்பும் இருக்கு, அந்தக் கார்டையும் எங்கயும் ஏத்துக்கொள்ளுவாங்க, அதில மயங்க வேணாம்.

உங்கட ஆசை மாலைதீவு அந்தமான் எண்டா ஓபன் வோட்டரை எடுங்க. ஒரு கிழமை இருக்கெண்டா தாராளம். நேரம் தட்டுப்பட்டா ஸ்கூபா டைவரோட நிப்பாட்டி, மிச்சத்தைப் பிறகு வேற இடத்தில தொடரலாம், படிச்சது வீண் போகாது. தியரியை வீட்டில இருந்தே ஒன்லைன்ல படிச்சு முடிச்சுக்கொண்டு வாங்க, இங்க வந்து ரூமுக்குள்ள இருந்து படிக்கிறது லீவைப் பாழாக்குறது.

ஆகஸ்ட் நல்ல காலம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் கடல் அமைதி. டிசம்பர் லீவுக்கு வாறதா இருந்தா இங்க வராம ஹிக்கடுவை, உனவட்டுன பக்கம் போங்க, அங்க நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரை நல்லம்.

தமிழ் பற்றி யோசிக்காதீங்க. போட்காரர் எல்லாம் நம்மட ஆக்கள். தண்ணிக்குக் கீழ எந்தப் பாசையும் இல்ல, கைதான் கதைக்கும்.

ஹட்டன்_ரைடர்:

நாங்க கூட்டாளிமாரு சேர்ந்து பைக்ல போயி டைவ் பண்ணிட்டு அன்னைக்கு ராத்திரியே ஹட்டன் வந்து சேர்ந்தோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. வேனுக்கு எல்லாம் இவ்வளவு யோசிக்கணுமா? பிளேன் மாதிரி ஒரேயடியா மேல போறதில்லையே, மெதுவாத்தானே ஏறுறோம்.

கண்டி_தாதி:

ஹட்டன் தம்பி, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதது சந்தோசம், ஆனா அத மத்தவங்களுக்கு வழியா சொல்லாதீங்க. நான் ஆஸ்பத்திரியில தாதியா இருக்கேன், அதனால கொஞ்சம் வெளக்கமா சொல்றேன்.

மெதுவா ஏறுறது உண்மைதான், ஆனா கம்பளை டவுன் தாண்டினா ஒரு மணித்தியாலம் ரெண்டு மணித்தியாலத்துல ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறிடுறோம், நைட்ரஜன் முழுசா போக அது போதாது. இதுல இன்னொரு விசயம், ஒருத்தருக்கு ஒண்ணும் ஆகாம அவரு கூடவே எறங்கின இன்னொருத்தருக்கு ஆகலாம். தண்ணி குடிக்காம இருந்தது, களைப்பு, ஆழத்துல எவ்வளவு நேரம் இருந்தாங்க, எவ்வளவு வேகமா மேல வந்தாங்க, எல்லாம் சேருது. முந்தின தடவை தப்பிச்சதால இந்தத் தடவையும் தப்பிக்கலாம்னு இல்ல.

எனக்கு பெரிய கவலை எதுன்னா, அறிகுறி தெரியாம போறதுதான். தோள்மூட்டுல முழங்கால்ல ஆழமான ஒரு வலி, கை கால் மரத்துப் போறது, கூசுறது, தோல் அரிச்சு செவந்து போறது, தல சுத்து, காரணமே இல்லாத அசதி. இதுல எதையெடுத்தாலும் பஸ்ல வந்த களைப்புன்னு நெனச்சு பனடோல் ரெண்டப் போட்டு படுத்துருவாங்க. நம்ம மலைநாட்டு ஆஸ்பத்திரியில வர்ற மூட்டு வலிய பாத்து டைவிங்னு யாருக்கும் தன்னால தோணாது, நீங்களா வாயத் தொறந்து இத்தனை மணிக்கு கடல்ல டைவ் பண்ணேன், இவ்வளவு ஆழம், அப்பறம் மலை ஏறி வந்தேன்னு சொல்லணும். அந்த ஒரு வசனம் டொக்டருக்கு பாதி வேலைய முடிச்சுக் குடுக்கும். அறிகுறி வந்தா இன்னும் மேல ஏறக் கூடாது, 1990க்கு அடிங்க, அந்த அம்பியுலன்ஸ் இலவசம், ஒக்சிஜன் குடுக்கணும்னு சொல்லுங்க. ஒக்சிஜன் குடுத்து வலி கொறஞ்சாலும் அதோட வீட்டுக்கு வந்துரக் கூடாது, டொக்டர் பாத்து முடிவு பண்ணணும்.

டீச்சர், இளைப்பு விசயம். கட்டாயம் சொல்லணும். எறங்க முந்தி ஒரு மெடிக்கல் போர்ம் குடுப்பாங்க, அதுல இளைப்பு, வலிப்பு, இருதய நோய், காது ஒப்பரேசன், நுரையீரல் பிரச்சினை, கர்ப்பம்னு எல்லாம் கேக்கும். உங்களுக்கு பொருந்துற எடத்துல ஆமான்னு போட்டா டொக்டர் ஒருத்தரு பாத்து எழுதித் தந்தாத்தான் எறங்க விடுவாங்க. அத மறைச்சு இல்லன்னு போடுற ஆளுங்க இருக்காங்க, தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க. இளைப்புல நுரையீரல்ல காத்து ஒரு மூலையில அடைபட்டு நிக்கலாம், தண்ணிக்குள்ளேருந்து மேல வரும்போது அந்தக் காத்து விரியும், 10 மீட்டர்ல இருந்த காத்து மேல வந்தா ரெட்டிப்பு அளவு. வெளிய போக வழி இல்லாட்டி நுரையீரல் கிழியும். சின்ன வயசுல இருந்து இப்ப வருசக்கணக்கா மருந்து இல்லாம இருந்தா பரிசோதிச்சு பாத்துட்டு டொக்டர் சரின்னு எழுதக் கூடும், அதனால பயந்து விட்டுறாதீங்க, ஆனா ஊர்லயே நேரத்தோட போயி காட்டுங்க, நுரையீரல் ஊதிப் பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதக் கேளுங்க. அங்க போயி கடைசி நேரத்துல கையெழுத்துக்கு டொக்டரத் தேடி அலையுறது பெரிய கரைச்சல்.

பண்டாரவளை_கவிதா:

டீச்சர் உங்க ஆசைய வாசிக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோசமா இருக்கு, நம்ம பக்கத்துப் பொம்பளப் பிள்ளைங்க இதுக்கெல்லாம் வர்றதே அபூர்வம். நானும் மலையிலேருந்து போயி ஓபன் வோட்டர் முடிச்சவதான், அதனால தண்ணிக்குள்ள எப்படி இருக்கும்னு நான் சொல்றேன்.

மொதல்ல நீச்சல். கடல்ல இல்ல பூல்ல 200 மீட்டர் நீந்திக் காட்டணும், நேரம் கணக்கு இல்ல, எந்த ஸ்டைல்லயும் நீந்தலாம், இல்லாட்டி மாஸ்க் ஸ்நோர்க்கல் துடுப்பு போட்டு 300 மீட்டர். அப்பறம் எதையும் புடிக்காம 10 நிமிஷம் மெதக்கணும். வேகம் தேவையில்ல, தண்ணி மொகத்துல பட்டா பதறாம இருக்குறதுதான் தேவை. இப்பவே ஆரம்பிங்க. கண்டியில பூல் இருக்கு, சனிக்கெழம சனிக்கெழம போயிட்டு வந்தாலும் போதும். கிரகரி வாவியிலயோ டேம்லயோ பழகப் போகாதீங்க, குளிருக்கு கை கால் வெறைச்சுரும், அடியில சேறும் கொடியும்.

பூல்ல செய்யுற பயிற்சியில எல்லாரும் பயப்புடுறது மாஸ்க்குக்குள்ள வந்த தண்ணிய வெளியேத்துறது. அரை மாஸ்க்குக்கு தண்ணிய வேணும்னே விடச் சொல்லுவாங்க. தண்ணி மூக்குக்கு வந்து நிக்கும், கண்ணு எரியும், ஒடனே மேல ஓடணும்னு தோணும். அப்ப வாயால ரெகுலேட்டர்ல (சிலிண்டர்லேருந்து காத்து வர்ற வாய்க்கருவி) மூச்ச இழுத்து, மாஸ்க் மேல்விளிம்ப நெத்தியோட ரெண்டு வெரலால அழுத்திப் புடிச்சு, கொஞ்சம் மேல பாத்துக்கிட்டே மூக்கால நீளமா ஊதணும். தண்ணி தன்னால கீழ்விளிம்பு வழியா போயிரும். மூக்கால ஊத மறந்து வாயால ஊதுறதுதான் எல்லாரும் செய்யுறது. வீட்டுல ஒரு பேசின்ல தண்ணி வச்சு, மொகத்த முக்கி, வாயால இழுக்க மட்டும் ஸ்நோர்க்கல வச்சுக்கிட்டு மூக்கால ஊதிப் பழகுங்க, அங்க போனா பாதி பயம் போயிருக்கும்.

காது நமக்குப் புதுசு இல்ல. றம்பொடை ஏறும்போதும் எறங்கும்போதும் அடைக்குதே அதே சங்கதிதான், ஆனா கடல்ல ரெண்டு மூணு மீட்டர்லயே வந்துரும், பஸ்ல மாதிரி டொபி சப்பிக்கிட்டு இருக்க முடியாது. மூக்கப் புடிச்சுக்கிட்டு மெல்ல ஊதணும், வலி வந்த பொறகு ஊதக் கூடாது, வர்றதுக்கு முந்தியே ஒவ்வொரு மீட்டருக்கும் ஊதிக்கிட்டே எறங்கணும். தொறக்கலன்னா ஒரு மீட்டர் மேல வந்து திரும்ப ஊதிப் பாக்கணும், பலமா அழுத்தி ஊதினா செவிப்பறை போயிரும். நம்ம ஊரு தடிமனோட போனீங்கன்னா அன்னைக்கு எறங்கவே வேணாம், மூக்கடைப்புக்கு மருந்து போட்டுக்கிட்டு எறங்குறது இன்னும் மோசம், மருந்து வேகம் கீழயே முடிஞ்சா வரும்போது அடைச்சுரும்.

அப்பறம் கட்டவெரல். நம்ம நல்லா இருக்குன்னு சொல்ல கட்டவெரல தூக்கிக் காட்டுவோம்ல, கடலுக்குக் கீழ அதுக்கு அர்த்தம் மேல போவோம்னு. நல்லா இருக்குன்னா ஆட்காட்டி வெரலும் கட்டவெரலும் சேத்து வட்டம். என்னோட எறங்கின பிள்ளை ஒண்ணு மீனப் பாத்த சந்தோசத்துல கட்டவெரலக் காட்ட இன்ஸ்ட்ரக்டர் மேல கூட்டிட்டு வந்துட்டாரு.

உடுப்புக்கு யோசிக்காதீங்க, நீளக் கை ரேஷ் கார்டும் நீளக் காலுடுப்பும் போட்டு அதுக்கு மேல மெல்லிசான வெட்சூட், ஒடம்பு முழுக்க மூடித்தான் இருக்கும். ஆகஸ்ட்ல தண்ணி 28 டிகிரி பக்கம், நுவரெலியாவுல இருந்து போற ஆளுக்கு சுடுதண்ணி மாதிரி தெரியும், ஆனா முக்கா மணித்தியாலம் உள்ள இருந்தா குளிரும், அதனால வெட்சூட் வேணாம்னு சொல்லாதீங்க.

நானுஓயா_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வெளக்கமா யாரும் சொல்லித் தரல. வேன் கதைய விட்டாச்சு. இளைப்புக்கு இந்தக் கெழமையே டொக்டர்கிட்ட போறேன்.

இன்னும் கொஞ்சம் கேக்கணும். அம்மாவுக்கு தண்ணின்னாலே பயம். எங்க பக்கத்துல டேம்ல குளிக்கப் போயி போன பிள்ளைங்கள அவங்க பாத்திருக்காங்க, அதுல ஒண்ணு எங்க லயத்துலயே பக்கத்து வீடு. அவங்க பயத்த சும்மா ஒதுக்க எனக்கு மனசு வரல. அவங்களுக்கு உண்மையா என்னா சொல்லலாம்? அப்பறம், வீட்டுக்கு வர்ற வழியில கண்டியில ஒரு ராத்திரி தங்கினா அந்த 18 மணித்தியாலம் கழியுமா? தம்பி ஹெர்மிஸ் கப்பல் பாக்கணும்னு நிக்கிறான், அதையும் சொல்லுங்க.

நிலாவெளிக்கரை:

டீச்சர், முதல் ஹெர்மிஸ். அது மட்டக்களப்புக்கு வெளியில 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் தாழ்த்தின பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். கிடக்கிறது 50 மீட்டருக்கும் கீழ. ஓபன் வோட்டர் கார்டுக்கு 18 மீட்டர்தான் கணக்கு. அந்த ஆழத்துக்கு வேற காத்துக் கலவை, வேற பயிற்சி, வருசக்கணக்கு அனுபவம் வேணும். தம்பியை ஆரும் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னா அந்த ஆளோட எந்த டைவுக்கும் போக வேணாம் எண்டு சொல்லுங்க. ஆசையை வைச்சிருக்கட்டும், படிச்சுப் படிச்சுப் போகலாம்.

கண்டி கேள்வி நல்ல கேள்வி. கண்டி 500 மீட்டர் அளவு, வழிகாட்டல் சொல்லுற 600க்குக் கீழதான். ஆனா டைவிங்கில 300 மீட்டருக்கு மேல எண்டாலே உயரம் எண்டு கணக்கெடுப்பாங்க, அதால டைவ் முடிச்ச கையோட கண்டிக்கு ஓடுறதை விட இங்கயே தங்குறது நல்லம். கணக்கைப் பாருங்க. கடைசி டைவ் மத்தியானம் 12 மணிக்கு முடியுது எண்டு வைப்பம். அண்டைக்கு ராத்திரி இங்க தங்கி, விடிய 6 மணிக்கு வெளிக்கிட்டா அதோடயே 18 மணித்தியாலம் ஆச்சு. தம்புள்ளை வரைக்கும் தாழ்வான பாதை. கண்டி தாண்டி நீங்க மலை ஏறத் தொடங்கக்குள்ள நாள் கிட்டத்தட்ட முழுசாக் கழிஞ்சிருக்கும். ஒரேயொரு ராத்திரி கூடத் தங்கினா விசயம் முடிஞ்சிது. இன்னும் ஒரு நாள் இருந்தா இன்னும் நல்லம், கோணேசர் கோயிலுக்குப் போங்க, கன்னியா வெந்நீர் ஊத்தில ஏழு கிணறும் பாருங்க, ஆனா டைவ் முடிஞ்ச அண்டைக்கு சுடுதண்ணிக் குளிப்பு வேணாம், அடுத்த நாள் குளிக்கலாம். ஹட்டன், பண்டாரவளை, ஹப்புத்தளை ஆக்களுக்கும் இதே கதைதான், எல்லாம் 1200 மீட்டருக்கு மேல. பதுளை 700 மீட்டருக்குள்ள எண்டாலும் அதுவும் 600ஐத் தாண்டுது. தம்பி டோஹா போறதுக்கும் இதுதான் சட்டம், பிளைட்டை கடைசி டைவுக்கு ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தா பிரச்சினையே இல்ல.

அம்மாவுக்கு. என்ட அம்மாவும் கடற்கரைப் பொம்பிளை, கடல்ல ஆக்களைக் குடுத்த குடும்பம்தான் எங்கட, அதால அவட பயத்தை நான் மதிக்கிறன். டேம்ல போன பிள்ளைகளுக்கு ஆழம் தெரியாது, மிதக்க ஒண்டும் இல்ல, பக்கத்தில பழகின ஆளும் இல்ல. டைவ்ல பிசிடி எண்டு ஒரு ஜாக்கெட் போடுறம், ஒரு பட்டனை அமுக்கினா காத்து நிரம்பி ஆளைத் தண்ணிக்கு மேல வைச்சிருக்கும். சிலிண்டர்ல 200 பார் காத்தோட இறங்கி 50 பார்ல மேல வந்து நிக்க வேணும், அந்த 50 சும்மா கிடக்கிற காத்து இல்ல, அவசரத்துக்கு வைச்சது. உங்கட ரெகுலேட்டர் பழுதாப் போனா பக்கத்து ஆளிட்ட ரெண்டாவது வாய் ஒண்டு மஞ்சள் நிறத்தில தொங்கும், அதைக் கவ்வி ரெண்டு பேரும் ஒண்டா மேல வாறதை கோர்ஸிலயே திருப்பித் திருப்பிச் செய்விப்பாங்க. மூச்சை மட்டும் எப்பவும் பிடிக்கக் கூடாது, அதுதான் முதல் பாடம். மேல வரக்குள்ள நிமிசத்துக்கு 9 மீட்டருக்கு மேல போகாம, 5 மீட்டர்ல 3 நிமிசம் நிண்டு வாறம். இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லுங்க, ஆபத்தே இல்லயெண்டு மட்டும் சொல்லாதீங்க, ஆபத்து இருக்கிறதாலதான் இவ்வளவு ஒழுங்கு. ஏலுமெண்டா அவவையும் கூட்டிக்கொண்டு வாங்க. கரையில இருந்து பாக்கட்டும், பிள்ளை போட்ல திரும்பி வந்து சிரிக்கிறதைக் கண்டா அதுக்கு மேல நாங்க ஒண்டும் சொல்லத் தேவையில்ல.

ஹட்டன்_ரைடர்:

சரி அண்ணே, தாதியக்கா, வெளங்குச்சு. எங்க குரூப்புக்கு இத அப்படியே அனுப்புறேன், இந்த மாசம் இன்னொரு செட் போறாங்க, அவங்களையும் ராத்திரி தங்கச் சொல்றேன். எங்கள கூட்டிட்டு போன எடத்துல இத யாருமே சொல்லல, எங்கேருந்து வந்தீங்க, எங்க போறீங்கன்னு கூட கேக்கல. நல்ல எடமா எப்படி கண்டுபுடிக்கிறது?

நிலாவெளிக்கரை:

தம்பி, நீங்க கேட்டதிலயே பதில் இருக்கு. எங்க இருந்து வாறீங்க, எப்ப திரும்புறீங்க எண்டு கேக்காத இடம் நல்ல இடமில்ல. மெடிக்கல் போர்மை வாசிக்காம கையெழுத்தை மட்டும் வாங்குற இடமும் அப்பிடித்தான். இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு நம்பர் இருக்கும், அதை வாங்கி பாடி வெப்சைட்ல போட்டா அந்த ஆள் இன்னும் படிப்பிக்கத் தகுதியோட இருக்கிறாரா எண்டு காட்டும். கேக்கிறதுக்கு வெக்கப்பட வேணாம், நல்ல ஆள் சந்தோசமாத் தருவார். கடல்ல ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு ஆகக் கூடினது 8 மாணவர்தான், நாங்க நாலு பேருக்கு மேல எடுக்கிறதில்ல. போட்ல ஒக்சிஜன் சிலிண்டர் இருக்கா, எங்க இருக்கெண்டு காட்டச் சொல்லுங்க. காசு கேக்கக்குள்ள புத்தகம், கார்டுக்கான கட்டணம், சாமான் வாடகை, பார்க் டிக்கட் எல்லாம் சேர்ந்ததா எண்டு கேளுங்க, குறைஞ்ச விலையைச் சொல்லிட்டு பிறகு ஒவ்வொண்டாக் கூட்டுற இடங்கள் இருக்கு.

பார்க் எண்டது புறாமலை எண்ட சின்னத் தீவு. 2003ல தேசியப் பூங்காவா ஆக்கினது, நிலாவெளிக் கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான். அங்க கரும்முனைச் சுறா நீந்தும், சின்னச் சுறா, ஆக்களை ஒண்டும் செய்யாது, டீச்சருக்கு முதல் நாளே காணக் கிடைக்கலாம். ஆனா ஒண்டு, முருகைக்கல்லில (பவளப்பாறையில) கால் வைக்க வேணாம், கையால பிடிக்கவும் வேணாம். அது உயிர், மெதுவாத்தான் வளரும், ஒரு துடுப்பு அடியில உடைஞ்சா திரும்பி வர கன வருசம் எடுக்கும். சனம் கூடின நாளில நிண்டு போட்டோ எடுக்கிறதுக்கெண்டே அதில ஏறி நிக்கிறதைக் காணக்குள்ள வயிறு எரியும். தண்ணிக்குள்ள ஏறாம இறங்காம மிதந்து நிக்கச் சரியாப் பழகினா நீங்க அதுக்கு மேலால ஒண்டையும் தொடாமப் போகலாம், ஓபன் வோட்டரில பாதி நேரம் அதைத்தான் படிப்பிப்பம்.

பண்டாரவளை_கவிதா:

அண்ணன் சொன்ன மிதக்குறத பத்தி ஒண்ணு சேத்துக்கிறேன். மூச்ச உள்ள இழுத்தா கொஞ்சம் மேல எழும்பும், விட்டா எறங்கும், கையக் கால உதறத் தேவையே இல்ல. ஆரம்பத்துல எல்லாரும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி கால அடிக்கிறோம், காத்தும் சீக்கிரம் முடிஞ்சுரும். மெதுவா, நீளமா மூச்சு விடப் பழகினா தன்னால வந்துரும்.

டீச்சர், மாஸ்க் மட்டும் சொந்தமா வாங்குங்க. மத்தது எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். கடையில அதோட பட்டிய தலையில போடாம மொகத்துல வச்சு மூக்கால லேசா இழுத்துப் பாருங்க, கைய எடுத்தாலும் விழாம ஒட்டி நின்னா அது உங்க மொகத்துக்கு சரி. முடி ஒரு இழை உள்ள மாட்டினாலும் தண்ணி வரும், அதனால கொண்டைய இறுக்கிப் போட்டுக்கிட்டு போங்க.

நானுஓயா_டீச்சர்:

அம்மாகிட்ட பேசிட்டேன். வர்றேன்னு சொல்லியிருக்காங்க, கோணேசர பாத்து கும்புடணும்னு அவங்களுக்கும் ரொம்ப நாள் ஆசையாம். திங்கக்கெழம எறங்குறோம், வியாழக்கெழம மத்தியானத்தோட டைவ் முடியும், வெள்ளிக்கெழம கோயிலும் கன்னியாவும், சனிக்கெழம விடிய வெளிக்கிடுறோம். தம்பிக்கு பிளைட் அதுக்கு அடுத்த செவ்வாக்கெழம. இது சரிதானே அண்ணே?

நிலாவெளிக்கரை:

நூத்துக்கு நூறு சரி. வியாழன் ரெண்டு டைவ், முதல் டைவ் ஆழமானதும் ரெண்டாவது ஆழம் குறைஞ்சதுமா வைக்கச் சொல்லி இன்ஸ்ட்ரக்டரிட்ட கேளுங்க. கடைசி டைவ் முடிஞ்ச நேரத்தை லொக் புத்தகத்தில எழுதுவீங்க, அதைப் போனிலயும் ஒரு படம் எடுத்து வைங்க. மெடிக்கல் போர்மை உங்கட இன்ஸ்ட்ரக்டரிட்ட இப்பவே அனுப்பச் சொல்லிக் கேட்டு எடுத்து, டொக்டரிட்ட போகக்குள்ள கையோட கொண்டு போங்க.